வேறு விமானத்தின் கைநூலும் இரண்டு கிலோ கழிவும்

ஐம்பத்திரண்டு வயதில், யாரும் வற்புறுத்தாமல், நான்கு மாதம் உழைத்து ஒரு விமானத்தின் கைநூலை மனப்பாடம் செய்தேன். அந்த விமானத்தில் நான் ஏறியதில்லை. நான் பறக்கக் கற்ற பள்ளியில் அது இல்லை. இந்த நாட்டிலேயே அது ஒன்றாவது இருக்கிறதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதைவிட வெட்கமான செய்தி ஒன்று உண்டு. சரஸ்வதி பூஜையன்று அந்தப் புத்தகத்தை விளக்குக்கு முன்னால் வைத்து, மேலட்டையில் சந்தனப் பொட்டு வைத்தேன். மறுநாள் காலை எடுத்து வாய்விட்டுப் படித்தபோது கலைமகளே எதிரில் உட்கார்ந்து கேட்பதுபோல் ஓர் உணர்வு. அந்த அம்மாள் என்ன நினைத்துக்கொண்டு கேட்டிருப்பாள் என்பது இப்போது புரிகிறது.

நான் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணி. அதாவது குமாஸ்தா. துரை என்ற பெயர் போய் மேனேஜர் வந்தாயிற்று, பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தாயிற்று, கிராணி மட்டும் கிராணியாகவே இருக்கிறான். காலையில் ஆபீஸ், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுப்பது. நடுவில் மழை.

எனக்கு ஒரு வியாதி உண்டு. உட்கார முடியாது. நாற்காலியில் பத்து நிமிஷம் இருந்தால் கால் தானாக ஆட ஆரம்பிக்கும். எழுந்து ஜன்னலுக்குப் போவேன், ஜன்னலில் இருந்து வாசலுக்கு. இதற்கு மருந்தாகத் தேனீ வளர்த்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் தேனீக்கள் பொறுமையிழந்து போய்விட்டன. வயலின் கற்றேன், தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கப் பொறுமையிழந்தன. கடைசியில், உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே சும்மா இராமல் இருக்கக்கூடிய ஒரே இடம் விமானிக்கான இருக்கைதான் என்று தோன்றியது. ஈப்போ பக்கம் ஒரு சின்னப் பறக்கும் பள்ளியில் சேர்ந்தேன். சனிக்கிழமை சனிக்கிழமையாக இரண்டரை வருஷம். லைசென்ஸ் கிடைத்தது.

கிடைத்த அன்றே மனைவியிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். முதல் பயணி அவள்தான். எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவேன்.

அவள் இந்த மலையிலேயே பிறந்தவள். பன்னிரண்டு வருஷம் கொழுந்து எடுத்திருக்கிறாள். அதன் ஒவ்வொரு மேட்டையும் முழங்காலால் அறிந்தவள். "மேலேர்ந்து பாத்தா இது எப்பிடித்தான் இருக்கும்?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள். பதில் தெரியாதபோது நான் ஜன்னலுக்குப் போய்விடுவேன்.

வாக்குக் கொடுத்த வாரமே ஒரு இடைஞ்சல். நான் கற்றுத் தேறிய விமானத்தை எஞ்சினைப் பிரித்துப் பார்க்க அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் மிஞ்சியது இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு பழைய விமானம். வயதில் எனக்குத் தம்பி. அதை ஓட்ட வேண்டுமானால் அதிலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டிப் பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் என் மனைவி மேலே வர முடியாது.

அதற்கு முன் அந்த விமானத்தின் கைநூலைப் படித்து வரச் சொன்னார்கள். எந்த வேகத்தில் எழும்புவது, எந்த வேகத்தில் இறங்குவது, எவ்வளவு பாரம் தாங்கும், டாங்கி எவ்வளவு எண்ணெய் பிடிக்கும், எஞ்சின் நின்றால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கும். சனிக்கிழமைவரை காத்திருந்து பள்ளியில் கேட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமையே என் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. இணையத்தில் தேடினேன். வெளிநாட்டில் யாரோ ஒருவர் பழைய கைநூல்கள் விற்றார். மாடல் பெயர் அதேதான். அட்டைப் படத்தில் அதே உயர்ந்த இறக்கை, அதே மூன்று சக்கரம், அதே மூக்கு. வாங்கிவிட்டேன். பெண் பார்க்கப் போனவன் தெருப் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் நுழைந்து கேசரி தின்றுவிட்டு வந்த கதை.

நான்கு மாதமும் மனைவிதான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"எறங்குறப்ப வேகம்?"

"எழுபது."

"எழுபது என்னா?"

"எழுபதுன்னா எழுபதுதான்."

"கடையில எழுபதுன்னு சொன்னா கிலோவா கட்டான்னு கேப்போம்ல. இங்க என்னமோ மைலுன்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் உனக்குப் புரியாது. அடுத்ததக் கேளு."

முப்பது வருஷம் தராசு பிடித்தவன் சொன்ன பதில் இது.

ஓட்டிக்காட்டும் நாள் வந்தது. பயிற்சியாளர் ஈப்போப் பெண், என்னைவிட ஏறக்குறைய பாதி வயது. எல்லோரும் கேப்டன் என்போம். அவள் என்னை அங்கிள் என்பாள். அந்தச் சொல்லில் மரியாதை எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

எழும்புவது நன்றாகவே நடந்தது. இறங்கத் திரும்பினோம். நான் மனத்துக்குள் எழுபது, எழுபது என்று ஜபித்தபடி முள்ளை எழுபதில் நிறுத்தினேன்.

"அங்கிள், வேகத்தக் கொறைங்க."

"எழுபதுதான் கேப்டன்."

"அதான் சொல்றேன். கொறைங்க."

புத்தகத்தில் இருப்பதை ஒரு சின்னப் பெண்ணுக்காக மாற்றுவதா என்று இருந்துவிட்டேன். ஓடுபாதை காலடிக்கு வந்தது. விமானம் இறங்க மறுத்தது. தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் மிதந்துகொண்டே போனது. பாதையின் பாதி போயிற்று. இன்னும் மிதந்தது.

"அங்கிள், எறங்கப் போறமா, இல்ல சாமி ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுக் கேப்டன் விசையை முன்னால் தள்ளினாள். விமானம் மறுபடி மேலே ஏறியது. அடுத்த சுற்றில் அவளே இறக்கினாள்.

கொட்டகைக்கு வந்து எஞ்சினை அணைத்ததும் கேட்டாள்: "எழுபதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"புத்தகம்."

"எந்தப் புத்தகம்?"

காரிலிருந்து எடுத்து வந்து பெருமையாக நீட்டினேன். அட்டையில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தாள். முதல் பக்கத்தைத் திருப்பி வருஷத்தைப் பார்த்தாள். வேகப் பட்டியலின் தலைப்பில் விரல் வைத்தாள். மணிக்கு இத்தனை மைல் என்று பொடி எழுத்தில் இருந்தது. பிறகு என்னை விமானத்துக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னாள். வேகமானி நாட் கணக்கில் இருந்தது. நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அது தரை மைலைவிட நீளம். புத்தகம் சொன்ன எழுபது மைல் அந்த முள்ளில் அறுபத்தொன்றில் இருந்திருக்க வேண்டும்.

கதவோரம் ஒரு சின்ன உலோகத் தகடு. அதில் தொடர் எண். என் கைநூலில், எந்த எண் முதல் எந்த எண்வரை உள்ள விமானங்களுக்கு அது பொருந்தும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். நான்கு மாதத்தில் நான் படிக்காத ஒரே பக்கம் அதுதான்.

"ஒங்க பொஸ்தகத்துப் பிளேன் ரெண்டு வருசம் மூத்தது அங்கிள். அண்ணனோட பொஸ்தகத்தப் படிச்சிட்டுத் தம்பிய ஓட்டுறீங்க. மொகம் ஒண்ணுதான், கொணம் வேறலா."

"சின்ன வித்தியாசம்தானே கேப்டன்?"

"தப்பு இந்தப் பக்கம் விழுந்துச்சு, வேகமா வந்தீங்க. அந்தப் பக்கம் விழுந்திருந்தா ரொம்ப மெதுவா வந்திருப்பீங்க."

"வந்திருந்தா?"

"வந்திருக்க மாட்டீங்க."

பிறகு அவள் இருக்கைக்குப் பின்னால் இருந்த பையில் கைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்தாள். முனை மடங்கி, எண்ணெய்க் கட்டைவிரல் பதிந்து, நான் வாங்கியதைவிட அசிங்கமாக இருந்தது. முதல் பக்கத்தில் அந்த விமானத்தின் எண். உலகத்தில் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் உரியது. நான்கு மாதமாக நான் கடல்தாண்டித் தேடியது என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

அதை எடுத்துப் போக முடியாது. விமானம் எங்கே போனாலும் அது கூடவே போக வேண்டும் என்பது விதி. எனவே அடுத்த மூன்று சனிக்கிழமைகளும், நின்றுகொண்டிருக்கும் விமானத்துக்குள் உட்கார்ந்து படித்தேன். அதிகாலையில் கிளம்பினாலும் திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் காய்கறி ஏற்றிய சாயூர் லோரிகள் முன்னால் வந்து சேர்ந்துகொள்ளும். கோஸ் மூட்டைகளின் வேகத்தில் மலையிறங்க வேண்டும். ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுப் போட்டு உறை தேய்ந்துவிட்டது. ஈப்போ வந்தால் வெயில். மலையில் போட்ட கம்பளிச் சட்டையைக் கழற்ற மறந்து, தகரக் கொட்டகைக்குள் இட்லிப் பானையில் வெந்தபடி படிப்பேன். படிக்கும்போது கால் சும்மா இருக்காமல் பெடலை மிதிக்கும். பின்னால் வால் இடமும் வலமும் ஆடும். தரையைப் பெருக்க வந்த அம்மாள் ஒருநாள் விமானத்துக்கு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளு இருக்கா, நான் காத்துன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒரு தாள். விமானத்தை ஒருநாள் தராசில் ஏற்றி நிறுத்து, எடையை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பவுண்டில் இருந்ததைக் கிலோவுக்கு மாற்றினால் ஐந்நூற்றுப் பதினொன்று. நிறுவைச் சீட்டு! எனக்குத் தெரிந்த உலகம் இதில் ஒரு பக்கமாவது இருக்கிறதே என்று மனசு குளிர்ந்தது. அந்தப் பக்கம்தான் என்னைக் கவிழ்க்கப் போகிறது என்று தெரியவில்லை.

நான்காவது சனிக்கிழமை அறுபதில் வந்தேன். பூப்போல இறங்கியது என்று சொன்னால் பொய், பூத்தொட்டிபோல இறங்கியது. ஆனால் இறங்க வேண்டிய இடத்தில். கேப்டன் கையெழுத்துப் போட்டாள். "அடுத்த வாரம் ஆண்ட்டியக் கூட்டிட்டு வாங்க. ஆனா எடைக் கணக்கு நீங்களே போட்டுக் கொண்டாங்க. மலைப் பக்கம் போறதாலே நான் ஒரு தடவ பாப்பேன்" என்றாள்.

அன்று மாலையே மனைவி தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் மலைகளில் பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்கள் இயந்திரக் கத்தரியால் வெட்டுகிறார்கள். இயந்திரம் ஏறாத செங்குத்துச் சரிவில் மட்டும் கையால் எடுக்கும் பெண்கள் பத்துப் பேர். எல்லோரும் என் மனைவியின் பழைய கூட்டாளிகள். அவர்களில் மூத்தவரைப் பெரியக்கா என்போம். அவர் வாயில் விழாத மேனேஜர் இல்லை.

"சனிக்கெழம பத்து மணிக்கு மேல பாருங்க. நான் கையாட்டுவேன்" என்றாள் மனைவி.

"நாங்க மழைச்சட்டயக் கழட்டி ஆட்டுறோம். மஞ்சக் கலரு, நல்லாத் தெரியும்" என்றார் ஒருவர்.

பெரியக்கா என் பக்கம் திரும்பினார். "கிராணியய்யா, மேல போயி எங்கள எண்ணிப் பாக்காதீங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

வியாழக்கிழமை எடைக் கணக்குப் போட உட்கார்ந்தேன். விமானம் மொத்தம் எழுநூற்றிருபத்தாறு கிலோவுக்கு மேல் தாங்காது. அதன் சொந்த எடையும் நிறைந்த எண்ணெயும் போக, ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது நூற்றைம்பத்து நான்கு. மனைவியை நிறுவைக் கொட்டகைக்கு அழைத்துப் போய்க் கொழுந்துத் தராசில் ஏறச் சொன்னேன். பிறகு நான் ஏறினேன். பிறகு அவள் கொண்டுவரப் போகும் பை: பிளாஸ்க், பிஸ்கட் டின், குளிர்ச்சட்டை, எலுமிச்சம்பழம் நான்கு.

"எலுமிச்சம்பழம் எதுக்கு?"

"சக்கரத்துக்கு. புதுசா ஏறுற வண்டி இல்லயா?"

"அதுக்கு மூணு சக்கரந்தான்."

"நாலாவது ஒங்களுக்கு."

தாளில் எழுதினேன். எண்பத்து நான்கு, அறுபத்தாறு, இரண்டு. மொத்தம் நூற்றைம்பத்திரண்டு. எல்லைக்கு இரண்டு கிலோ உள்ளே. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்று முழுக்க ஜன்னலுக்குப் போகவே இல்லை.

சனிக்கிழமை வானம் சுத்தமாக இருந்தது. சக்கரத்தடி எலுமிச்சைக்குக் கேப்டன் சம்மதித்தாள், கொட்டகை வாசலில் மட்டும், நசுங்கியதைக் கடைசி விதைவரை பொறுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. விமானத்தை முன்னால் தள்ளி மூன்று பழமும் நசுக்கி, நானும் மனைவியும் முட்டிபோட்டு விதை பொறுக்கினோம். பிறகு கேப்டன் என் தாளை வாங்கிப் பார்த்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஒரு தடவ இங்கயும் ஏறிடுங்க" என்று ஆபீஸ் மூலையில் இருந்த எடைக் கருவியைக் காட்டினாள்.

எண்பத்தாறு. அறுபத்தெட்டு. பை நான்கு.

"நூத்தம்பத்தெட்டு வருது. ஒங்க தாள்ல நூத்தம்பத்திரெண்டு. ஆறு கிலோ எங்க அங்கிள்?"

தோட்டத்துத் தராசு பொய் சொல்லாது. மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது.

"கழிச்சிருப்பாரு" என்றாள்.

கொழுந்து நிறுக்கும்போது பைக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, ஆக ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு கிலோ கழிப்பது எங்கள் வழக்கம். மழை பெய்திருந்தால் மழைக்கு, பெய்யாவிட்டால் பனிக்கு. முள் அறுபத்தெட்டு என்று காட்டினால் என் பேனா அறுபத்தாறு என்று எழுதும். நான் எழுதுவதில்லை, பேனா எழுதும். அப்படித்தான் என் மனைவியிடம் இரண்டு கிலோ ஈரம் கழித்திருக்கிறேன். என்னிடமும்தான். அதில் நேர்மை தவறவில்லை.

"கல்யாணம் பேசி முடிச்ச வாரங்கூட எங்கொழுந்துல கழிச்சாரு, கேப்டன்" என்று மனைவி விளக்கினாள். "நான் சும்மா நின்னு பாத்தேன். ஒரு கிலோவாச்சும் விடுவாருன்னு. விடல."

கேப்டன் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "பிளேன் கழிச்சுத் தூக்காது அங்கிள். நெசத்தத்தான் தூக்கும்."

"பைய விட்டுட்டு, எண்ணெயக் கொஞ்சம் கொறச்சா?"

"எல்லைக்குள்ள வந்துடும். நான் பயப்படுறது அது இல்ல. ஏறுற பக்கத்தத் திருப்புங்க."

சரியான கைநூலின் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். முழுப் பாரத்தோடு எந்த உயரத்தில், எந்தச் சூட்டில், நிமிஷத்துக்கு எத்தனை அடி ஏறும் என்ற பட்டியல். உயரம் கூடக் கூட எண் சுருங்கியது. வெயில் கூட இன்னும் சுருங்கியது. எங்கள் மலையின் தலைக்கு மேலே போகும்போது, ஓய்வுபெற ஒரு மாதமே இருக்கும் குமாஸ்தாவின் சுறுசுறுப்புத்தான் அதில் மிச்சமிருந்தது.

"ஆண்ட்டியோட இங்க கீழ சுத்துங்க, நான் தடுக்க மாட்டேன். மலைக்கு மேல, இவ்ளோ பாரத்தோட, புதுசா லைசென்ஸ் எடுத்தவரு வேணாம். காத்து ஒரு அமுக்கு அமுக்குனா ஏறி வெளிய வர எடம் வேணும்லா."

நான் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் விமானத்தின் கைநூலும் என் கழிவுக் கணக்குமாகப் போயிருந்தால் தாள் சுத்தமாக இருந்திருக்கும், நாங்கள் கிளம்பியிருப்போம். மூன்று சனிக்கிழமை வெந்தபடி சரியான புத்தகத்தைப் படித்தவன் நான்தான். அதுதான் என்னை வேண்டாம் என்கிறது.

கடிகாரம் ஒன்பதேகால். பதினொரு மணிக்கு மேல் மலையில் மேகம் மூடிவிடும். மேலே பத்துப் பேர் மஞ்சள் மழைச்சட்டையோடு நிற்பார்கள்.

கேப்டன் மெதுவாகச் சொன்னாள்: "நான் அம்பத்திரெண்டு கிலோ அங்கிள். என்னோட ஒருத்தர் வரலாம். யாருன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க."

தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நானும் கேப்டனும் நூற்று முப்பத்தெட்டு. மனைவியும் கேப்டனும் நூற்றிருபது. இரண்டும் எல்லைக்குள் நன்றாகவே இருந்தன. இதற்கு மேல் கைநூலில் பக்கம் இல்லை.

"ஒங்களுக்குத்தான ஆச. ரெண்டர வருசமா அலையிறீங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. சொன்னவள் என்னைப் பார்க்கவில்லை. பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரிசெய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

எழுந்தேன். ஜன்னலுக்குப் போனேன். வெளியே அந்த விமானம் வெயிலில் நின்றது. அதன் வேகம் எல்லாம் எனக்கு மனப்பாடம், இந்தமுறை சரியான வேகம். மேலே என் தோட்டம். எந்தச் சரிவில் திரும்ப வேண்டும், எந்தப் பள்ளத்தாக்கில் திரும்பக் கூடாது என்று தினமும் தூங்குவதற்கு முன் மனத்தில் ஓட்டிப் பார்த்த பாதை. இன்னொரு சனிக்கிழமை வரும் என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கு என்பதுதான் கேள்வி. ஜன்னலில் இருந்து வாசலுக்குப் போனேன். வாசலில் இருந்து திரும்பி வந்தேன்.

"நீ போ" என்றேன்.

என் பெருந்தன்மையை விவரிக்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் அவள் விமானத்துக்குப் பாதி தூரம் நடந்துவிட்டாள்.

அவர்கள் எழும்பிப் போனார்கள். அழகாகப் போனார்கள், அதையும் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளி வாசலில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தேன், எழுந்தேன். கொட்டகையைப் பதினேழு முறை சுற்றினேன். படிக்கலாம் என்றால் கைநூல் விதிப்படி விமானத்தோடு போய்விட்டது. காரில் இருந்தது சந்தனப் பொட்டு வைத்த அண்ணன் புத்தகம் மட்டும். அதை எடுத்து வந்து, எஞ்சின் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்ற அத்தியாயத்தை இன்னொரு விமானத்துக்காகப் படித்தேன். நாலாவது எலுமிச்சம்பழம் சட்டைப் பையில் உறுத்தியது.

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. சத்தம் கேட்டது. இறங்கினார்கள், ஊர்வலம் இல்லாமல். மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. கண் சிவந்திருந்ததா என்று பார்த்தேன். வெயிலாகவும் இருக்கலாம்.

"எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"பத்துப் பேரும் நின்னாங்க. மஞ்ச மஞ்சயா. நான் எண்ணிட்டேன்." பிறகு நினைவு வந்தவளாக, "ஃபேக்டரிக் கூரை பின்பக்கம் முழுக்கத் துரு. மேனேஜர்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

திரும்பி மலையேறும்போது காலி லோரிகள் முன்னால் போயின. அவள் ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஸ்டீயரிங்கில் தாளம் போடவில்லை என்று பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி நிறுவை. இரவெல்லாம் மழை, கொழுந்து சொட்டச் சொட்ட வந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் அந்த விமானத்தின் வெளிச்சம் இன்னும் இருந்தது.

"கிராணியய்யா, சும்மா சொல்லக் கூடாது, நேரா ஓட்டுனீங்க. கொஞ்சங்கூட ஆடல" என்றார் ஒருவர்.

என் வாய் திறந்தது. அது நன்றி சொல்லப் போகிறதா, உண்மை சொல்லப் போகிறதா என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த பையைத் தராசில் வைத்தேன். பெரியக்காவின் பை. முள் முப்பத்தொன்றில் நின்றது. பேனா பழக்கப்படி இருபத்தொன்பது என்று எழுதப் போய், பாதியில் நின்றது. நேற்றுக் கோயிலில் அவரும் என் மனைவியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

பெரியக்கா என் பேனாவைப் பார்த்தார்.

"எழுதுங்க, எழுதுங்க. கழிச்சே எழுதுங்க. ஒங்களயே கழிச்சிட்டுத்தான பிளேனு பறந்துச்சு."